நின்று பார்த்து ஒரு படம்: வடசென்னையில் கேமராவோடு தியானம் பழக

கேமராவை வைத்துக்கொண்டு தியானம் பழகலாம் என்று சொன்னதும் பலரும் கேட்பது, "அதுக்கு எந்த ஊருக்குப் போகணும்?" என்றுதான். மலை, அருவி, பனிமூட்டம் என்று மனம் ஓடுகிறது. எங்கும் போக வேண்டாம். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவர் தண்டையார்பேட்டையிலேயே பழகலாம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் வீடு இருந்தாலும் தடையில்லை. கையில் சாதாரண போன் இருந்தால் போதும். கேமரா இருந்தால் சரி, இல்லையென்றால் இதற்காக வாங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓர் இடத்தில் நிற்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், கண் நிறையப் பார்க்க வேண்டும், அப்புறம் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். இதில் படம் எடுப்பது கடைசி வேலை. நாம் வழக்கமாகச் செய்வது நேர்மாறு. போனதும் நாலைந்து கிளிக். பார்ப்பதெல்லாம் வீட்டுக்கு வந்து கேலரியில். வடசென்னையில் இந்த அவசரம் இன்னொரு கெடுதலையும் செய்கிறது. கேமராவோடு இங்கே வருகிற பலர் என்ன படம் வேண்டும் என்று வரும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். குப்பைமேடு, இடிந்த சுவர், முறைத்துப் பார்க்கும் ஓர் இளைஞன். அது கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பத்து நிமிடம் சும்மா நின்றிருந்தால் அதே தெருவில் வேறு எத்தனையோ கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படி நிற்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிளம்புவதற்கு முன்

லென்ஸைத் துடையுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல்காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வரும். அது போன் லென்ஸில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். படத்தில் விளக்கு வெளிச்சம் ஊதிப் பெருத்துத் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு போதும். துடைப்பதையும் நிதானமாகச் செய்யுங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஜூமைத் தொட வேண்டாம். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் கால் நடக்கட்டும். கேமரா வைத்திருப்பவர்கள் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். விடிந்த பிறகு வெளியில் எடுப்பதற்கு ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸ் திறந்திருக்கும் அளவு) எஃப் 8 என்று வைத்துவிட்டு, மிச்சத்தைக் கேமராவிடம் விட்டுவிடலாம். பொத்தான்களோடு மல்லுக்கட்டும் நேரம் பார்க்கும் நேரத்திலிருந்துதான் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒருநாளைக்கு 12 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 என்று சொல்லப்படும் அகலமான ஃபிலிம் ரோலில் சதுரமாக எடுத்தால் 12 படம்தான் விழும். 35 மில்லிமீட்டர் ரோலில் 36. ஒவ்வொரு படத்துக்கும் காசு என்பதால் அன்றைய ஆட்கள் தானாகவே யோசித்து எடுத்தார்கள். போனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சில வாரம் போனதும் 12 என்பதை 6 ஆக்குங்கள். ஒரு காலை முழுக்க நின்று ஒரே படத்தோடு வீடு திரும்ப முடிந்தால் நன்றாகவே பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் காது

படம் எடுத்து வைத்தால் அந்த இடம் மனதில் நிற்கும் என்று நம்புகிறோம். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கல், ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அது குறைவாகவே நினைவிருந்தது. அதில் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை இல்லை. 2017-ல் வந்த இன்னோர் ஆய்வு வேறொன்றைச் சொன்னது: எதை எடுப்பது என்று தாமே தேர்ந்து எடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவே நினைவில் தங்குகிறது, காதால் கேட்டதுதான் குறைந்துபோகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். தேர்ந்து பார்க்கிறவருக்குக் கேமரா கண்ணுக்கு உதவும், காதை மட்டும் அடைத்துவிடும். அதனால்தான் காதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

போன் பையிலேயே இருக்கட்டும். ஒரு சுவரோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நில்லுங்கள். பத்து மூச்சு எண்ணுங்கள். பிறகு எட்டத்தில் கேட்கும் சத்தத்திலிருந்து கிட்டத்தில் கேட்கும் சத்தம் வரை ஒவ்வொன்றாக வாருங்கள். விடிகாலை வண்ணாரப்பேட்டைச் சந்தில் நின்றால் எங்கோ கூட்ஸ் வண்டி நகரும், பாங்கு கேட்கும், அது முடிகிற நேரத்துக்குச் சர்ச் மணி வரும். பக்கத்துத் தெருவில் அடிபம்பு கிறீச்சிடும். கடைசியில் காலடியில் யாரோ வாசல் பெருக்கும் துடைப்பச் சத்தம். அந்தத் துடைப்பம் தரையில் எங்கே அழுந்துகிறது, எங்கே லேசாகிறது என்பது வரை கேட்கத் தொடங்கிய பிறகு கண்ணைத் திருப்புங்கள்.

சத்தம் தொந்தரவு இல்லையா என்று கேட்பார்கள். ஹாரன் கேட்டால் மனதுக்குள் "ஹாரன்" என்று சொல்லி விட்டுவிடுங்கள். எரிச்சல் வந்தால் "எரிச்சல்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். பர்மியத் துறவி மகாசி சயாடோ கற்பித்த தியானத்தில், வந்ததை வந்தபடி இப்படிக் குறித்துக்கொள்வதுதான் அடிப்படை. ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது இதைச் செய்து பாருங்கள். வண்டியை அணைத்துவிட்டு நிற்கும் அந்த நேரத்தில் நமக்கு வேறு வேலையே கிடையாது.

ஒரு நிழலோடு 20 நிமிடம்

பார்ப்பதற்குப் பழக நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். மொட்டை மாடி போதும். விடியற்காலையில் தனியாகத் தெருவில் நிற்பது எல்லோருக்கும் வசதிப்படாது, முக்கியமாகப் பெண்களுக்கு. மாடியில் பழகுவது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

காலை ஏழு மணி வாக்கில் ஒரு நிழலைத் தேர்ந்தெடுங்கள். கொடிக்கம்பி, தண்ணீர்த் தொட்டிக் குழாய், கைப்பிடிச் சுவரின் மூலை, எதுவானாலும் சரி. நிழலின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு உட்காருங்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, 20 நிமிடத்தில் 5 டிகிரி. அந்த நேரத்துச் சாய்ந்த வெயிலில் நிழல் நீளமாக இருக்கும், அது நகர்ந்திருப்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நகரும்போது கண்ணால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் போரடிக்கும். கை போனைத் தேடும். அதற்கப்புறம்தான் பார்க்கவே ஆரம்பிப்போம்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு துணிக் கிளிப்பின் நிழல் விழுகிறது என்று வையுங்கள். சுவரை ஒட்டியிருக்கும் கிளிப்பென்றால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். அதே கொடியில் சுவரை விட்டு எட்டத் தொங்கும் கிளிப்பின் நிழலோ ஓரம் கலங்கி, பஞ்சுபோல இருக்கும். சூரியன் வானத்தில் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் வருகிற வித்தியாசம் இது. பொருள் தள்ளிப் போகப் போக, அந்த வட்டத்தின் ஒரு பாதி மறைந்து மறு பாதி தெரியும் இடம் அகலமாகிறது. நிழல் முழுக்கக் கறுப்பும் கிடையாது. வானத்தின் நீலம் அதில் லேசாக இறங்கியிருக்கும். பக்கத்தில் செங்கல் சுவர் இருந்தால் கொஞ்சம் சிவப்பும் ஏறியிருக்கும். ஓர் எறும்பு வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது அதன் காலடியில் இருந்த குட்டி நிழல் காணாமல் போகும். தினம் துணி காயப்போடும் இடம்தான். இவ்வளவும் அங்கே தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது ஒரு படம் எடுங்கள். போனில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும்: நிழலை வெளிச்சமாக்கிக் காட்டுவதை அது உதவி என்று நினைக்கிறது. திரையில் வெயில் விழும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கண்ணில் பட்ட நிழல் அப்படியே திரைக்கு வரும்.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்டுக்குத்தாக நிற்கும் எதற்கும் அந்தச் சில நிமிடம் நிழல் வெளியே விழாது. இந்தப் பயிற்சியைச் செய்து பழகியவர்கள் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மழைக்காலத்தில் நிழல் கிடைக்காவிட்டால் மேகம் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் 1922-ல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு காலம் மேகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அதற்கும் மாடி போதும்.

விரலை அழுத்தும் நேரம்

போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விடும்போது மெதுவாக அழுத்துங்கள். கை ஆடாது. எடுத்ததும் போனை இறக்கிவிட்டு இன்னும் மூன்று மூச்சு அங்கேயே நில்லுங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கை பரபரக்கும். பார்க்க வேண்டாம். அந்தப் பரபரப்பு எழுவதையும், கவனித்துக்கொண்டே இருந்தால் அது அடங்குவதையும் பாருங்கள். உட்கார்ந்து செய்யும் தியானத்தில் கால் மரத்துப்போகும்போது செய்வதும் இதேதான். கேமராத் திரையை அணைக்க முடியாவிட்டால் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள்.

காசிமேட்டில் மனிதர்கள் நடுவே

நிழல் நம்மைத் திரும்பிப் பார்க்காது, மனிதர்கள் பார்ப்பார்கள். அதனால் மாடியில் கொஞ்ச நாள் பழகிவிட்டு அப்புறம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை நிற்கவே இடமிருக்காது, புதியவர்கள் வாரநாளில் வருவது நல்லது. தரை முழுக்கத் தண்ணீரும் ஐஸும் மீன் செதிலும். வழுக்காத செருப்பு போடுங்கள். கூடை தூக்கி வருகிறவருக்கு வழி விடுங்கள். அவர் தலையில் பாரம் இருக்கிறது, நம்மைப் போல நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

கேமராவை வெளியே எடுக்காமல் முதலில் ஒரு சுற்று வாருங்கள். பிறகு ஒரே இடத்தில் நில்லுங்கள். பத்து நிமிடம் நின்றால் நீங்கள் யார் என்ற ஆர்வம் அவர்களுக்கே போய்விடும். அதன் பிறகு நேராகக் கேளுங்கள்: "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" பலர் சரி என்பார்கள். "இன்னா தம்பி, போட்டோ மட்டுந்தானா, மீன் வாங்க மாட்டியா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி, வாங்குங்கள். வேண்டாம் என்று கைகாட்டினால் அத்தோடு விட்டுவிட வேண்டும். தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுப்பது இந்தப் பயிற்சிக்கே விரோதம். குழந்தைகளை எடுக்க அவர்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டே ஆக வேண்டும்.

இங்கே கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. மீன் விற்கும் ஓர் அக்காவிடம், நல்ல மீனை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேளுங்கள். சங்கரா ஒன்றைத் தூக்கி, கட்டைவிரலால் செவுளை விலக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று, கொஞ்சம் புடைத்து நிற்க வேண்டும். உள்ளே குழிந்து வெள்ளை பூத்திருந்தால் பழசு. வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் திரும்ப எழ வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு மூச்சு நேரத்தில் பார்த்துவிடுகிறார். தினம் ஒன்றையே பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு இப்படி ஒரு கூர்மை வருகிறது. அவர் காட்டிய பிறகு அந்த மீனின் கண்ணை மட்டும் ஒரு படம் எடுங்கள். சுற்றியிருக்கும் துறைமுகத்தின் வானமே அந்தக் கண்ணில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

எண்ணூர்

எண்ணூருக்குப் போவதென்றால் மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரே ஃபிரேமுக்குள் புகைபோக்கி, மின்கம்பி, இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்கி நிற்கும் ஆட்கள், பறவைகள் எல்லாம் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகெல்லாம் கறுத்துப்போனது இந்தக் கழிமுகத்தில்தான். தியானம் என்றால் எதையும் அழகாகப் பார்ப்பது என்று ஒரு நினைப்பு உண்டு. எண்ணூரில் அப்படிப் பார்க்க முயலாதீர்கள். புகைபோக்கியைத் தவிர்த்துப் பறவையை மட்டும் எடுப்பதும், பறவையை விட்டுவிட்டு அனல்மின் நிலையச் சாம்பலை மட்டும் எடுப்பதும் பாதிக் கண்ணால் பார்ப்பதுதான். வருத்தம் வந்தால் வரட்டும், மூச்சை எண்ணிக்கொண்டு அதோடு நில்லுங்கள். அங்கே ஒன்றும் எடுக்காமல் திரும்பினாலும் அந்த நாள் வீணில்லை.

பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகம், மின் நிலையங்கள், மெட்ரோ, ரயில் தண்டவாளம் போன்ற இடங்களில் பலகையைப் படியுங்கள், காவலர் வேண்டாமென்றால் வாதாட வேண்டாம். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அதன் தூண் வரிசையை வெளியே நின்று பார்த்தாலே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

ஒற்றியூருக்கு ஒரு நடை

நின்று பழகியவர்களுக்கு அடுத்தது நடை. வள்ளலார் சென்னையில் இருந்த காலத்தில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தார். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வருவார் என்பார்கள். சின்ன வயதில் அந்த வீட்டு மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, அதையே பார்த்துத் தியானம் செய்தார், அதில் தணிகை முருகனைக் கண்டார் என்பது அவர் வரலாற்றில் வருகிற செய்தி. பின்னாளில் அவரைப் படம் எடுக்கப் பலமுறை முயன்றும் உருவம் விழவில்லை, வெள்ளாடை மட்டும்தான் பதிந்தது என்றும் அன்பர்கள் சொல்வார்கள். கேமராவோடு தியானம் பழகுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தத் தெருவுக்குப் போய்வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

முழுத் தூரமும் நடக்க முடியாதவர்கள் திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி, தியாகராஜர் கோயில் தேரோடும் வீதிகளை மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். கோயிலுக்குள் படம் வேண்டாம். அப்படியே கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி வரை நடக்கலாம். நூறு அடிக்கு ஒருமுறை நின்று, கண்ணுக்கு நேரே எது இருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள். சைக்கிள் சக்கரமாக இருக்கலாம், பூக்கட்டும் விரலாக இருக்கலாம். நன்றாக இருப்பதைத் தேடி அலையாமல், நின்ற இடத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் இந்த நடையில் விதி. 12 படமும் இப்படியே எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே பார்க்க வேண்டாம். ஒருநாளாவது போகட்டும். அப்புறம் போனைக் கையில் எடுப்பதற்கு முன், எடுத்த படங்களில் நினைவில் இருப்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன பார்த்தேன், என்ன கேட்டேன், என்ன வாசனை. எழுதிய பிறகு படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் புகைப்படம் கற்பித்த மைனர் ஒயிட், ஒரு படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பைத் தளர்த்தி அமைதியாக உட்காரும்படி மாணவர்களைப் பழக்கினார். நாமும் கேலரியைத் திறப்பதற்கு முன் பத்து மூச்சு உட்காரலாம். பார்க்கும்போது இது நல்ல படமா, லைக் விழுமா என்று யோசிக்காதீர்கள். அங்கே நின்றது இதில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். உடனே யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

மாதம் ஒரு படம் தேர்ந்தெடுத்து, பக்கத்து ஸ்டூடியோவில் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போடுங்கள். மனிதர்கள் இருக்கும் படமென்றால் இரண்டு பிரதி. ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு போன எத்தனையோ பேரை அவர்கள் மறுபடி பார்த்ததே இல்லை. திரும்பி வந்து கொடுக்கிறவரிடம் பேசும் விதமே வேறு.

எப்போது தொடங்கலாம்?

சூரியன் இங்கே கடலிலிருந்து எழுகிறது. ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கிலேயே உதித்துவிடும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகும். உதித்து ஒரு மணி நேரம் வரை வெளிச்சம் சாய்வாக, கண்ணுக்கு இதமாக இருக்கும். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் நிற்காதீர்கள். தலை வலிக்கும்போது எந்தத் தியானமும் வராது. தண்ணீர், தொப்பி மறக்க வேண்டாம்.

காசிமேட்டுக் கூட்டத்துக்குத் தயங்குகிறவர்களுக்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்வார்கள். வருமானம் இல்லாத நாட்கள் அவை, அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆனால் பேசுவதற்கு நேரம் இருக்கும். வலை முடிகிறவர் பக்கத்தில் அனுமதி கேட்டு உட்கார்ந்து, ஊசி ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குப் போவதை அரைமணி நேரம் பாருங்கள். கேமராவை எடுப்பது அப்புறம் இருக்கட்டும்.